களியக்காவிளைத் தமிழில் எது பிழை, எது வழக்கு?

கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தில், களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் 'வெள்ளம் குடிச்சியா?' என்று கேட்பது சாதாரணம். வெளியூரில் படிக்கப் போன பிள்ளைகள் லீவுக்கு வந்ததும், 'அது மலையாளம், தண்ணீர்னு சொல்லுங்க' என்று பாட்டியைத் திருத்துகிறார்கள். முதலில் விட வேண்டிய தவறு இப்படித் திருத்துவதுதான். 'வெள்ளத் தனைய மலர்நீட்டம்' என்ற குறளில் வள்ளுவர் சொல்வதும் குளத்து நீரைத்தான்: நீர் எவ்வளவு ஆழமோ, பூவின் தண்டும் அவ்வளவு நீளம். அதேபோல 'பறை' என்றால் 'சொல்லு' என்பதும் தமிழ் அகராதியில் இருக்கிறது. இந்தப் பகுதியின் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். பாட்டியின் பேச்சு அதற்கெல்லாம் முந்தியது. அதைக் கொச்சை என்று சொல்லி வாயை அடைத்தால், அவர் நம்மிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வார்.

சரி, எழுத்துக்கும் இதே சலுகை உண்டா? அங்கேதான் கவனம் வேண்டும். குழாயில் நீர் வந்ததை 'வெள்ளம் வந்தாச்சு' என்று குடும்பக் குழுவில் போட்டால், தெருக்காரருக்கு அது நல்ல சேதி. ஐப்பசி மழையில் அதையே சென்னையில் இருக்கும் மகள் படித்தால், குழித்துறைத் தாமிரபரணி கரை உடைத்துவிட்டதோ என்று பதறிப் போன் செய்வாள். யார் படிப்பார்கள் என்று பார்த்துச் சொல்லைப் போட வேண்டும்.

அடுத்தது 'ஐ', 'மீது' போன்ற வேற்றுமை உருபை விழுங்குவது. 'செக்போஸ்ட் பக்கம் பஸ் லாரி மோதியது' என்று ஒரு தகவல் வருகிறது. எது எதன் மேல் மோதியது? நேரில் சொல்பவர் கையைக் காட்டிவிடுவார். எழுத்தில் 'லாரி மீது பஸ் மோதியது' என்றால்தான் விளங்கும். ஒற்றும் அப்படித்தான்: 'கீரைக் கடை' என்றால் கடை, 'கீரை கடை' என்றால் மத்தை எடுக்க வேண்டியதுதான்.

அப்புறம், எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் மலையாளப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள். மலையாள வினைமுற்றில் ஆண், பெண், நான், நீ என்று விகுதி மாறாது, எல்லாருக்கும் 'வந்நு'தான். அந்தப் பழக்கத்தில் 'மாமா வந்து' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். தமிழில் அது எச்சம். வந்து என்ன செய்தார் என்று படிப்பவர் காத்திருப்பார். 'வந்தார்' என்று முடிக்கப் பழக்கினால் போதும், திட்ட வேண்டியதில்லை.

'சுவற்றில்' என்பது 'சுவரில்' என்றும், 'ஒவ்வொரு வீடுகளிலும்' என்பது 'ஒவ்வொரு வீட்டிலும்' என்றும் இருக்க வேண்டும். அரட்டையில் இவை கிடந்தால் கிடக்கட்டும். ஊராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் வேண்டாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, குழுவில் எல்லார் முன்னும் ஒருவரின் எழுத்துப்பிழையைப் பிடித்துக் காட்டுவது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் சொன்னால் அது திணை வழு, அதாவது அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன பிழை. ஆனாலும் உவப்பினால் சொன்னது என்று நன்னூல் அதை ஏற்றுக்கொள்கிறது. வழுவமைதி என்று அதற்கு இலக்கணத்திலேயே இடம் உண்டு. காப்பிக்கு 'நல்ல மனம்' என்று பெரியம்மை எழுதினால், முதலில் காப்பியைப் பற்றிப் பதில் போடுங்கள். மூன்று சுழி ண-வை அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம்.