சம்பளத்தோடு பிளேஸ்மென்ட்: சென்டர்லிங்க் பணத்தை இழக்கவைக்கும் தவறுகள்

ஆஸ்திரேலியாவில் சென்டர்லிங்க் என்ற அரசு அலுவலகம் தரும் மாணவர் உதவித்தொகையான யூத் அலவன்ஸோ ஆஸ்டடியோ வாங்கிப் படிக்கும் பிள்ளைக்குச் சம்பளத்தோடு பிளேஸ்மென்ட் (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) கிடைத்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு "இனி சென்டர்லிங்க் பணம் வராது, நிறுத்திவிடு" என்பதுதான். அவசரப்பட்டு நிறுத்துவதே பெரிய தவறு. முழுநேர மாணவராக இருக்கும்வரை உதவித்தொகை தொடரலாம். குறையலாம், சில வாரம் பூஜ்ஜியமாகக்கூட ஆகலாம். நீங்களே ரத்து செய்துவிட்டால் பிறகு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் 'இன்கம் பேங்க்'. இரண்டு வாரத்துக்கு இவ்வளவு வரை சம்பாதிக்கலாம், உதவித்தொகை குறையாது என்று ஒரு வரம்பு உண்டு. அது ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் மாறும். கணக்குக்கு 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 100 டாலர்தான் சம்பாதித்தால் மீதி 400 இன்கம் பேங்கில் வரவாகச் சேரும் (கையில் பணமாக அல்ல, கணக்கில் மட்டும்). இப்படி ஆறு முறை சேர்ந்தால் 2,400. அப்புறம் பிளேஸ்மென்டில் இரண்டு வாரத்துக்கு 1,100 டாலர் வந்தால், வரம்புக்கு மேலுள்ள 600 அந்தச் சேமிப்பிலிருந்து கழியும். நான்கு முறை உங்கள் உதவித்தொகையில் ஒரு காசு குறையாது! சேமிப்பு தீர்ந்த பிறகுதான் வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட், இன்னும் மேலே போனால் 60 சென்ட் பிடிப்பார்கள். தகுதி இருந்தும் "பிளேஸ்மென்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இந்தச் சேமிப்பைத்தான் இழக்கிறார்கள்.

அடுத்தது சென்டர்லிங்குக்கு வருமானத்தைத் தெரிவிக்கும் நாள். வங்கியில் விழுந்த 930 டாலரைப் போடாதீர்கள். பே ஸ்லிப்பில் வரி பிடிப்பதற்கு முன் உள்ள 1,100-தான் கணக்கு. 2020 டிசம்பரிலிருந்து, வேலை செய்த நாளை அல்ல, சம்பளம் கைக்கு வந்த நாளைத்தான் பார்க்கிறார்கள். ஜூன் கடைசி வாரத்து வேலைக்கு ஜூலையில் சம்பளம் வந்தால் அது ஜூலைக் கணக்கு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரைக்கான சம்பளம் என்றும் கேட்பார்கள். முதலாளி அனுப்பிய தொகை திரையில் ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். பே ஸ்லிப்பைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள், பிற்பாடு கடனாகத் திரும்பி வரும். கைக்கு ஒன்றும் வராத வாரங்களிலும் தெரிவிப்பதை விடக்கூடாது. விட்டால் உதவித்தொகையே ரத்தாகலாம்.

படிப்புச் சுமையையும் கவனியுங்கள். முழுநேரச் சுமையில் முக்கால் பங்கு இருந்தால்தான் பொதுவாக முழுநேர மாணவர். வேலைக்காகப் பாடங்களைக் கைவிட்டு, அந்த பிளேஸ்மென்ட் பாடமாகப் பதிவாகாமலும் இருந்தால் தகுதியே போய்விடும். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பல்கலைக்கழகத்தில் இதைக் கேட்டுவிடுங்கள்.

பிளேஸ்மென்டுக்காக வேறு ஊருக்குப் போனால் முகவரி, வாடகை மாற்றத்தை 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். வாடகை உதவி அதைப் பொறுத்தது.

மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. நிரந்தர வதிவிட விசா பெற்று வந்தவர்களுக்கும் பொதுவாக நான்கு வருடக் காத்திருப்பு உண்டு, அகதிகளுக்கு அது இல்லை.

வரி விஷயமும் உண்டு. யூத் அலவன்ஸும் ஆஸ்டடியும் வரிக்கு உட்பட்ட வருமானம். வரியில்லா 18,200 டாலர் சலுகையைச் சென்டர்லிங்கிலும் வேலையிலும் சேர்த்துக் கோரினால், வருடக் கடைசியில் வரி பில் வரலாம்.