நண்பர் குடும்பங்களோடு குற்றாலத்துக்குச் செல்வது எப்படி?

பாளையங்கோட்டையிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ ஒரு குடும்பம் மட்டும் குற்றாலத்துக்குக் கிளம்பினால் பெரிய திட்டம் எதுவும் தேவைப்படாது. காலையில் புறப்பட்டு, குளித்து, சாப்பிட்டுவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். மூன்று, நான்கு நண்பர் குடும்பங்கள் சேர்ந்து இரண்டு இரவு தங்குவதென்றால் நிலைமை வேறு. கைக்குழந்தை இருக்கும், முழங்கால் வலியுள்ள ஆச்சி இருப்பார், தண்ணீரைக் கண்டால் வெளியே வர மறுக்கும் பத்தாம் வகுப்புப் பையனும் இருப்பான். அருவி நம் நேரத்துக்கு வராது என்பதை முதலில் ஏற்றுக்கொண்டு, குளிக்க முடிந்தபோது குளிப்பதற்கும் முடியாதபோது வேறு வகையில் பொழுதைக் கழிப்பதற்கும் இடம் விட்டுத் திட்டமிட்டால்தான் இவர்கள் எல்லோருக்கும் அந்தப் பயணம் நிறைவாக இருக்கும்.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கியதும் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்றும் சாரலும் இந்தப் பக்கம் வரத் தொடங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையுள்ள அந்தக் காலமே சீசன். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்பதற்காக மே மாதம் சென்றால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர நேரும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூட்டம் நெரியும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போய்ச் சேர்ந்து செவ்வாய்க்கிழமை காலையில் திரும்புவதே என் பார்வையில் சிறந்த ஏற்பாடு; ஊர் காலியாகும் நேரத்தில் நாம் நுழைகிறோம், பிள்ளைகளுக்கும் ஒன்றிரண்டு நாள்தான் பள்ளி போகும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களிலும் தண்ணீர் விழும், ஆனால் அப்போது சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் மிகுதியாக இருக்கும். மலைமேலுள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகலாமே என்று யாராவது சொன்னால், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதையும், வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். முதியவர்களும் குழந்தைகளும் கலந்த பெரிய கூட்டத்துக்கு அது ஏற்றதன்று.

தங்குவதற்கு ஆளுக்கொரு விடுதியில் அறை எடுப்பதைவிட முழு வீடாக ஒன்றை வாடகைக்குப் பிடிப்பது நல்லது. வீட்டுக்காரரிடம் எத்தனை அறை என்று கேட்பதற்கு முன்பே எத்தனை கழிப்பறை என்று கேளுங்கள், ஏனென்றால் காலை ஆறு மணிக்குப் பதினாறு பேர் ஒரே நேரத்தில் எழுந்தால்தான் அந்தக் கேள்வியின் அருமை தெரியும். வெந்நீர் வசதி, வண்டி நிறுத்த இடம், ஓட்டுநர் படுப்பதற்கு இடம், முதியவர்களுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை ஆகியவற்றையும் அப்போதே பேசி முடித்து, முன்பணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சாரல் நாட்களில் துணி காயவே காயாது. ஒருமுறை நனைந்த துண்டு மறுநாள் மாலையிலும் ஈரமாகவே இருக்கும் என்பதால், கூரை போட்ட மாடியோ தாழ்வாரமோ உள்ள வீடாகப் பார்ப்பதுடன், நீளமான கொடிக்கயிறு ஒன்றும் ஆளுக்கு இரண்டு துண்டுகளும் கொண்டுசெல்லுங்கள்.

சமையல் விஷயத்தில் நான் உறுதியாக ஒன்றைச் சொல்வேன். வீட்டில் அன்றாடம் அடுப்படியில் நிற்கும் பெண்களை அங்கேயும் அடுப்படியில் நிறுத்திவிட்டு, ஆண்கள் மூன்று வேளையும் அருவிக்குப் போய்வருவதைக் குடும்பச் சுற்றுலா என்று சொல்ல முடியாது. ஊரிலிருந்தே ஒரு தவசுப்பிள்ளையை, அதாவது சமையல்காரரை, அழைத்துச் செல்லுங்கள். அவர் கேட்கும் பலசரக்கை முந்தின நாளே வாங்கிக் கொடுத்து, மதியத்துக்கு ஒரு நாள் சொதியும் மறுநாள் கூட்டாஞ்சோறும் என்று முன்பே முடிவு செய்துவிட்டால், மைனிமார்கள் எல்லோரும் ஒன்றாக அருவிக்குப் போக முடியும். ஆள் கிடைக்காவிட்டால் முதல் நாளுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு போய், மற்ற வேளைகளுக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஓர் இரவு செங்கோட்டைச் சாலையில் பிரானூர் பார்டருக்குச் சென்று புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டு வரலாம். பொட்டலங்களை அருவிக்கரையில் பிரிக்க வேண்டாம். அங்குள்ள குரங்குகள் குழந்தையின் கையிலிருப்பதைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

நண்பர்களுக்குள் பணம் பேசுவது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் கிளம்புவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். வீட்டு வாடகையைக் குடும்பக் கணக்காகவும், சாப்பாட்டை ஆள் கணக்காகவும், வேன் வாடகையையும் ஓட்டுநர் பேட்டாவையும் இருக்கைக் கணக்காகவும் பிரிப்பது எல்லோருக்கும் நியாயமாக இருக்கும். எல்லோரிடமும் ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கி ஒருவர் கையில் கொடுத்து, செலவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பார்டர் கடைச் செலவு அந்தப் பொதுப்பணத்தில் சேராது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சைவக் குடும்பம் ஒன்று வாய்விட்டுச் சொல்லாமல் வருத்தப்படும்.

அருவிக்கு வருவோம். பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், நடுவே பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைப் பள்ளத்தில் நிரம்பி, வேகம் தணிந்து வழிவதால்தான் அடியில் நின்று குளிக்க முடிகிறது. அங்குள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் காவல்துறையினர் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். அந்தத் தடையை வாதாடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. தெளிந்திருந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலும், சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும், யார் சொல்லவும் காத்திராமல் பிள்ளைகளை வெளியே அழைத்துவிட வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து குற்றாலம் அந்த மாவட்டத்தில் இருப்பதால், மழை எச்சரிக்கையையும் தடை அறிவிப்பையும் தென்காசி மாவட்டத்தின் பெயரில் பாருங்கள்.

ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதியில் குளிப்பதால், எந்தப் பிள்ளை யாருடன் போகிறது என்பதை வண்டியிலிருந்து இறங்கும் முன்பே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள்; அப்பாவிடம் இருக்கிறான் என்று அம்மாவும், அம்மாவிடம் இருக்கிறான் என்று அப்பாவும் நினைத்துக்கொள்வதுதான் கூட்டத்தில் பிள்ளை தொலைவதற்கு வழி. தண்ணீரைத் தலையில் நேராக வாங்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்றே குனிந்து தோளிலும் முதுகிலும் வாங்கக் கற்றுக்கொடுங்கள். நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரலாம். தாலிச் சங்கிலியை ஊக்கால் துணியோடு சேர்த்துக் குத்திக்கொள்ளலாம். கைப்பேசிகளும் சாவிகளும் உள்ள பையுடன் கரையில் ஒருவர் முறைவைத்து இருக்க வேண்டும். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை உள்ளது என்பதால் அவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். இதய நோயுள்ளவர்களும் மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைகளும் பேரருவியையும் ஐந்தருவியையும் பார்த்துவிட்டு, உயரம் குறைந்த புலியருவியிலோ சிற்றருவியிலோ குளிப்பது பாதுகாப்பானது. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் மலைக்காட்டுக்குள் இருக்கின்றன. அங்கே செல்லக் கட்டுப்பாடு உள்ளது என்பதை இளைஞர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குளிக்கத் தடை போட்ட நாளும் வீணாகாது. ஐந்தருவிக்குப் போகும் வழியில் வெண்ணமடைக் குளத்தில் சீசனில் படகு விடுகிறார்கள். நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபை குற்றாலத்திலேயே இருக்கிறது. அதன் சுவரோவியங்களை அவசரமில்லாமல் பார்க்கக் குறைந்தது அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். இலஞ்சி குமாரர் கோயில் மிக அருகில் உள்ளது. பண்பொழி திருமலைக்கோயிலுக்குப் படியேறாமல் வாகனத்திலேயே மேலே செல்லச் சாலை இருப்பதால் முதியவர்களும் வரலாம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

திரும்பும் நாளில் காலைக் குளியலை ஒன்பது மணிக்குள் முடித்து, ஈரத்துணிகளைக் குடும்பம்வாரியாகத் தனிப் பைகளில் கட்டிவிடுங்கள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குவதைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொண்டால் பழம் வண்டியில் நசுங்காது. செலவு நோட்டை வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் வாசித்து, மீதியை அங்கேயே பிரித்துக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.