வாய் திறந்திருப்பது யார்?

நியூயார்க்கர் என்ற அமெரிக்க இதழில் வாராவாரம் வாசகம் இல்லாத ஒரு கார்ட்டூன் வரும். அதற்குப் பொருத்தமாக ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் போட்டி. 1998-ல் ஆண்டுக்கு ஒருமுறை என்று தொடங்கியது 2005-லிருந்து வாரப் போட்டியாகிவிட்டது. போட்டிப் பக்கத்தில் மூன்று படங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒன்று புதுப்படம், ஒன்று இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று வரிகளோடு, இன்னொன்று ஜெயித்த வரியோடு.

எடுத்த எடுப்பில் எழுத உட்காராதீர்கள். இதழின் தளத்தில் மற்றவர்கள் அனுப்பிய வரிகளுக்கு நீங்களே மதிப்பெண் போடலாம்: சிரிப்பில்லை, சுமார், நல்ல சிரிப்பு. கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருங்கள். ஒரே ஜோக் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். அந்தப் படத்துக்கு உங்களுக்கு முதலில் தோன்றியதும் அதில் கட்டாயம் இருக்கும். முதலில் தோன்றுவதை நான் அனுப்பாமல் விடுவது இதனால்தான்.

அப்புறம் படத்துக்கு வாருங்கள். வாய் திறந்திருப்பது யார் என்று முதலில் பாருங்கள். பேசுகிறவரை விட்டுவிட்டு எதிரே இருப்பவருக்கு வசனம் எழுதினால் எவ்வளவு நல்ல ஜோக்கும் வீண். உதாரணத்துக்கு நானே ஒரு படம் சொல்கிறேன். அலுவலகக் கூட்டம், மேசையைச் சுற்றிக் கோட்டு போட்டவர்கள், நடுவே ஒரு நாற்காலியில் பனிக்கரடி. பேசுகிறவர் மேலாளர்.

"நம் குழுவில் ஒரு பனிக்கரடி சேர்ந்திருக்கிறது." இது படத்திலேயே தெரிகிறதே, அதை எதற்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும்?

"இனிமேல் ஏசி ரிமோட் என்னிடமே இருக்கட்டும்." கரடி என்ற சொல்லே இல்லை. அது எப்படி உள்ளே வந்தது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்வார். மேலாளர் கரடியைப் பார்த்து அசரவும் இல்லை. எனக்கு இந்த அலட்டாத தொனிதான் பிடிக்கும். ஆச்சரியக்குறி போட்டால் பாதி சிரிப்பு போய்விடும்.

எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எடுக்க முடிகிற சொல்லையெல்லாம் எடுத்துவிடுங்கள். அனுப்புமுன் கடைசித் தேதியையும் விதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய வரி தேர்வாகவில்லையே என்று உடனே விட்டுவிடாதீர்கள். சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நூறு தடவைக்கு மேல் அனுப்பிய பிறகுதான் 2011-ல் ஜெயித்தார்.