நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்டதா? கீமோவுக்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டியவை

"நாலாம் ஸ்டேஜ்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், நாளைக்கே கீமோ ஆரம்பித்துவிட வேண்டும். அம்மாவுக்குச் சொன்னபோது நாங்களும் அப்படித்தான் பறந்தோம். மூச்சுத்திணறலோ கீழே சொல்லப்போகும் அவசர அறிகுறிகளோ இல்லையென்றால், "மரபணு ரிப்போர்ட் வரும்வரை பொறுக்கலாமா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பல பேருக்குப் பொறுக்கலாம் என்றுதான் பதில் வரும்.

முதலில் பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது. ஸ்கேனில் ஒளிர்வதையெல்லாம் புற்றுநோய் என்று எடுத்துக்கொள்ள முடியாது, டிபி கட்டியும் பெட் ஸ்கேனில் (சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் ஸ்கேன்) அதே மாதிரிதான் ஒளிரும். எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. சளியில் டிபி கிருமியே இல்லாமல், நிழலைப் பார்த்து மட்டும் அம்மாவுக்கு டிபி மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மாதம் அப்படியே போனது. மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை என்றால் அன்றைக்கே பயாப்சி கேளுங்கள். மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசியில் பல சமயம் சில செல்கள்தான் கிடைக்கும், மரபணு சோதனைக்குப் போதாமல் போய்விடும் (எங்களுக்குப் போதவில்லை, மறுபடி குத்தினார்கள்). முடிந்தால் கொஞ்சம் பெரிய ஊசியில் சதைத் துண்டாக எடுக்கும் கோர் பயாப்சியாகவே எடுக்கச் சொல்லுங்கள். கழுத்து நெறிக்கட்டி, கல்லீரல் மாதிரி பரவிய இடத்தில் எடுத்தால் நோயின் வகையும் தெரியும், பரவியிருப்பதும் உறுதியாகும். எலும்பில் எடுப்பதாக இருந்தால் மரபணு சோதனை இருக்கிறது என்று லேபுக்கு முன்னாலேயே தெரிய வேண்டும், சுண்ணாம்புச் சத்தைக் கரைக்க வீரியமான அமிலம் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். நெஞ்சில் நீர் கோர்த்திருந்தால் அதையும் கொட்டிவிடாமல் செல் பிளாக் (நீரில் உள்ள செல்களைத் திரட்டி மெழுகில் பதிப்பது) செய்யச் சொல்லுங்கள், அதிலேயே சோதனை செய்ய வாய்ப்பு உண்டு.

ரிப்போர்ட்டில் அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்று வந்தால்தான் முக்கியமான கட்டமே. ஈஜிஎஃப்ஆர், ஆல்க், ராஸ்1, பிராஃப் போன்ற மரபணு மாற்றங்களைப் பார்க்க வேண்டும், கூடவே பிடிஎல்1 என்ற புரதத்தின் அளவு. இந்தியாவில் இந்த வகை நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது, சிகரெட்டே தொடாத பெண்களில் இன்னும் அதிகம். மாற்றம் இருந்தால் பெரும்பாலும் தினமும் மாத்திரைதான் முதல் சிகிச்சை, அல்லது மாத்திரையோடு கீமோ. படுக்கையில் கிடப்பவர், கீமோ தாங்க மாட்டார் என்றாலும்கூட இந்த மாத்திரை கொடுத்துப் பார்க்க முடிகிறது. அவசரப்பட்டு பிடிஎல்1 அதிகம் என்று மட்டும் பார்த்து இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) போட்டுவிட்டு, பின்னால் ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று தெரிந்து அதற்கான ஒசிமெர்டினிப் மாத்திரை ஆரம்பித்தால் நுரையீரலில் கடுமையான அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. ரிப்போர்ட்டுக்குப் பொறுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சதை போதவில்லை என்றால் ரத்தத்திலும் பார்க்கலாம், ஆனால் ரத்தத்தில் நெகட்டிவ் என்றால் மாற்றமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

பெட் ஸ்கேன் எடுத்தாச்சே, தலைக்கு எதற்குத் தனியாக என்று கேட்பார்கள். மூளை எப்போதுமே சர்க்கரையை இழுத்துக்கொண்டிருப்பதால் சின்னக் கட்டிகள் பெட்டில் மறைந்துவிடும், அதனால் மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ வேண்டும்.

அவசரம் எது? புதிதாக முதுகுவலி வந்து கால் பலவீனமாவது, சிறுநீர் போக முடியாமல் அடைப்பது, வலிப்பு, முகமும் கழுத்தும் வீங்குவது. இவற்றில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். தண்டுவடம் அழுத்தப்பட்டுக் கால் ஓய்ந்துவிட்டால் திரும்ப நடப்பது கடினம், சில மணி நேரமே பெரிய வித்தியாசம் செய்யும்.

அப்புறம் திட்டம். உங்கள் கேஸ் டியூமர் போர்டில் பேசப்பட்டதா என்று கேளுங்கள், அதாவது கீமோ, ரேடியேஷன், அறுவை சிகிச்சை டாக்டர்கள், பாத்தாலஜிஸ்ட் எல்லோரும் உட்கார்ந்து பேசுவது. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பரவியிருந்தால் அந்த இடங்களுக்குத் துல்லியமான ரேடியேஷனும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்பது அங்கேதான் முடிவாகும். இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். கேட்கப் பயமாகத்தான் இருக்கும், எனக்கும் வாய் வரவில்லை, ஆனால் அது தெரியாமல் வீட்டை விற்கலாமா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பீர்கள்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்தச் சோதனை, எந்த மருந்து அதில் வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வலி, மூச்சுத்திணறல் மாதிரி தொல்லைகளைக் குறைத்து ஆறுதல் தரும் பாலியேட்டிவ் டாக்டரைக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். பாஸ்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் தெரிந்தவுடனேயே இந்தக் கவனிப்பும் கிடைத்தவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம், டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடும்போது அது உயிரைக் குடிக்காது.

ஃபைலில் ரிப்போர்ட்டோடு பயாப்சியின் மெழுகு பிளாக் (எடுத்த சதையை லேபில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டு) எண்ணையும் குறித்து வையுங்கள், வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் பிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். மாத்திரை ஒரு கட்டத்தில் கேட்காமல் போகும்போது மறுபடி பயாப்சி எடுத்துப் புதிய மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அப்போது பழைய ரிப்போர்ட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.