பல் தேய்மானம்: நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

நாகர்கோவில் வெயிலில் ஒரு போஞ்சி (எலுமிச்சை ஜூஸ்) குடித்தால் உயிர் திரும்பும். வீட்டுக்கு வந்ததும் பல் கூசுகிறதே என்று சிலர் உடனே பிரஷ்ஷை எடுத்து அழுத்தித் தேய்க்கிறார்கள். இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

நம் உடலிலேயே கடினமானது பல்லின் மேலுறையான எனாமல். ஆனால் அதில் உயிரணு கிடையாது, தேய்ந்து போனது திரும்ப வளராது. புளிப்பைக் காட்டும் அளவு பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். வாயின் பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2 முதல் 3 வரை, கோலா 2.5 அளவில். அந்தப் புளிப்பில் இளகிய மேற்பரப்பை உமிழ்நீர் மெல்லத் தேற்றுவதற்குள் பிரஷ் போட்டால், இளகியதெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் குடிக்கிறோம் என்பதே முக்கியம். ஒரே மூச்சில் குடித்த போஞ்சியைவிட, பேச்சுக்கு நடுவே மிடறு மிடறாக ஒரு மணி நேரம் உறிஞ்சிய சோடா கெடுதல். உப்பிலிட்ட நெல்லிக்காயைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துச் சப்புவதும் அப்படியே. சோற்றில் பிசைந்து உண்ணும் புளி போட்ட மீன்குழம்புக்கு இவ்வளவு பயம் வேண்டாம். மெல்லும்போது உமிழ்நீர் நன்றாகச் சுரக்கும்.

உமிக்கரியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பல் வெளுக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் இன்னும் இருக்கிறது. கரகரப்பு எனாமலை அரைக்கும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், லேசான கை போதும்.

இரவில் பல்லை நறநறவென்று கடிப்பது வேறு கதை. கடிப்பவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் கேட்கும். காலையில் தாடை இறுக்கம், நெற்றிப்பொட்டில் வலி, கோரைப்பல்லின் கூர் மழுங்கித் தட்டையாவது ஆகியவை அடையாளங்கள். பிள்ளை கடித்தால் உடனே பூச்சி மருந்து தேடுகிறோம். பல் கடிக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பூச்சி என்று முடிவு கட்டக்கூடாது. பல பிள்ளைகளுக்கு வளர வளர இது தானாக நின்றுவிடும். பெரியவர்களுக்கு மனஅழுத்தம், மது, ராத்திரி காப்பி, சில மனநல மருந்துகள் காரணமாகலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பலத்த குறட்டையும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்துதரும், இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் காப்புறையான நைட் கார்டு கடிப்பதை நிறுத்தாது, ஆனால் பல்லைக் காக்கும். பகலில் உதடு மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருப்பதே இயல்பு. வேலைக்கு நடுவே அதைக் கவனியுங்கள்.

மேல் முன்பற்களின் உட்புறம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் நெஞ்செரிச்சலைச் சந்தேகிக்க வேண்டும். வயிற்று அமிலம் எலுமிச்சையைவிடக் கடுமையானது. அது மேலே ஏறி வருவது நிற்கும்வரை எத்தனை கேப் (பல் உறை) போட்டாலும் மிச்சமிருக்கும் பல் தேய்ந்துகொண்டேதான் இருக்கும், அதனால் பல் மருத்துவரோடு வயிற்று டாக்டரையும் பாருங்கள்.