அயர்லாந்து பாணி விஸ்கிக்கு வீட்டில் மேஷ் போடுவது எப்படி?

மேஷ் என்பது உடைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது. முதலில் சட்டம். நான் இருக்கும் நியூசிலாந்தில் சொந்தக் குடிக்கு வீட்டிலேயே சாராயம் வடித்துக்கொள்ள 1996 முதல் அனுமதி உண்டு, விற்கத்தான் கூடாது. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் நிலைமை இப்படி இல்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இது குற்றம். விஸ்கிக்குப் பேர்போன அயர்லாந்திலேயே உரிமம் இல்லாமல் வடிக்க முடியாது. அதனால் நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, இது செய்முறையாகவும் இருக்கலாம், வெறும் பொது அறிவாகவும் இருக்கலாம். இங்கே நான் சொல்லப்போவது தானியத்தை ஊறலாக்கும் வரைதான். வடிப்பது தனிப் பாடம். தீப்பிடிக்கும் ஆவியோடு செய்யும் வேலை அது. அதைப் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

தமிழில் இதைப் பற்றிப் பேசினால் அடுத்து வரும் கேள்வி மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்களே, வீட்டில் செய்தால் அப்படி ஆகாதா என்று கேட்பார்கள். அங்கே கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். பார்லி ஊறலில் அது தானாக அந்த அளவுக்கு உருவாகாது. நொதிக்கும்போது மெத்தனால் முக்கியமாகப் பெக்டினிலிருந்து வருகிறது. பழங்களில் பெக்டின் அதிகம், தானியத்தில் மிகக் குறைவு. இப்படிச் சொல்வதால் வீட்டு வடிப்பு ஆபத்தில்லாதது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபத்து வேறு இடத்தில், அடுப்பில் இருக்கிறது.

சரி, அயர்லாந்து பாணி என்றால் என்ன? பலர் மூன்று முறை வடிப்பதுதான் என்பார்கள். அது பாதி உண்மை. இரண்டு முறை வடிக்கும் ஆலைகளும் அங்கே உண்டு. ரெட்பிரெஸ்ட், கிரீன் ஸ்பாட் மாதிரியான, பாட் ஸ்டில் எனப்படும் செப்புக் கலத்தில் வடிக்கும் விஸ்கிகளுக்கு அந்த எண்ணெய்ப்பசையையும் மசாலா வாசனையையும் கொடுப்பதில் பெரிய பங்கு முளைகட்டாத பார்லிக்கு. மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியோடு, முளைகட்டாததையும் கலந்து மேஷ் போடுவார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வரி. 1785-இல் மால்ட்டின் மேல் வரி விழுந்தது. டப்ளின் ஆலைக்காரர்கள் மால்ட்டைக் குறைத்து, வரியில்லாத பச்சைத் தானியத்தைக் கூட்டினார்கள். 1880-இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் அந்த வரியை எடுத்துவிட்டார், ஆனால் கலவை மாறவில்லை. அதற்குள் குடிக்கிறவர்களின் நாக்கு பழகிவிட்டது.

2014-இல் அயர்லாந்து வகுத்த வரையறைப்படி பாட் ஸ்டில் விஸ்கியில் மால்ட் குறைந்தது 30 சதவீதம், முளைகட்டாத பார்லி குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும். ஓட்ஸ், ரை போன்ற மற்ற தானியங்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய ஆலைகள் ஓட்ஸும் ரையும் இதைவிட நிறையப் போட்டன. இந்த 5 சதவீதக் கட்டுப்பாடு எனக்குக் கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் படுகிறது. வீட்டில் யாரும் வந்து அளக்கப் போவதில்லை. ஆனாலும் முதல் தடவைக்கு வரையறைக்குள் நிற்பதே நல்லது. ஓட்ஸ் கூடக்கூட மேஷ் வடிய மறுக்கும்.

என்னென்ன வேண்டும்

சுமார் 22 லிட்டர் ஊறலுக்கு மொத்தம் 6 கிலோ தானியம்:

- வெளிர் நிற மால்ட் 3.3 கிலோ
- முளைகட்டாத பார்லி 2.4 கிலோ
- ஓட்ஸ் 300 கிராம்
- நெல் உமி இரண்டு மூன்று கைப்பிடி
- உலர் ஈஸ்ட் 22 கிராம்

மால்ட்டில் கவனம் தேவை. பியருக்கு நிறம் கொடுக்கும் கேரமல் மால்ட், வறுத்த மால்ட் எதுவும் வேண்டாம். அவற்றில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் செத்துப்போயிருக்கும். முளைகட்டாத பார்லிக்குச் சொந்தமாக நொதி பலம் போதாது. அதன் மாவுச்சத்தையும் சேர்த்து உடைக்கிற வேலை மால்ட்டின் தலையில்தான். கடையில் பில்ஸ்னர் மால்ட் அல்லது லாகர் மால்ட் என்று கேட்டு வாங்குங்கள். மென்மையாகக் காயவைத்தவை என்பதால் நொதி நிறைய மிஞ்சியிருக்கும்.

முளைகட்டாத பார்லியை மூன்று விதமாக வாங்கலாம். முழுப் பார்லி கல் மாதிரி. மால்ட் உடைக்கும் சின்ன உருளை மில் அதில் திணறிவிடும். மளிகைக் கடைப் பார்லி எனப்படும் தோல் தீட்டிய பார்லி எளிதாகக் கிடைக்கும், ஆனால் வடிகட்ட உதவும் தோல் போயிருக்கும். அவல் போல நசுக்கிய பார்லி மூன்றாவது. அதை அரைக்கவே தேவையில்லை, அப்படியே போடலாம். முதல் தடவைக்கு என் ஓட்டு அதற்குத்தான். விதைக்கென்று விற்கும் பார்லியை மட்டும் தொடாதீர்கள், பூஞ்சைக்கொல்லி தடவியிருப்பார்கள்.

முழுப் பார்லியைத்தான் உடைப்பேன் என்றால் ரவைப் பதம் போதும். மிக்சியில் போட்டு மாவாக்கினால் பிறகு ஒரு சொட்டுகூட இறங்காது. மால்ட்டை இன்னும் பெரிதாக, தோல் முழுசாக இருக்கும்படி உடைக்க வேண்டும். அந்தத் தோல்தான் கடைசியில் வடிகட்டி.

ஓட்ஸ் விஷயத்தில் ஒரு சின்ன முரண். பழைய ஆலைக்காரர்கள் ஓட்ஸைச் சேர்த்ததற்கு அதன் தோல் மேஷை இளக்கி வடியவிடும் என்பது ஒரு காரணம். இன்று கஞ்சிக்கு வாங்கும் ஓட்ஸில் தோலே கிடையாது, அதனால் அது நேர் எதிராகப் பிசுபிசுப்பைக் கூட்டும். அந்தக் குறையை நம்ம ஊர் நெல் உமி தீர்க்கிறது. பியர் காய்ச்சுகிறவர்களும் இதே வேலைக்கு உமியைப் பயன்படுத்துவதால் இதற்கான கடைகளில் சுத்தம் செய்த உமி கிடைக்கும். போடும் முன் ஒரு தடவை அலசிக்கொள்ளுங்கள்.

பாத்திரங்களுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். குழாய் பொருத்திய 30 லிட்டர் கூலர் பெட்டி, தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு பெரிய பாத்திரம், நல்ல வெப்பமானி, நீரின் அடர்த்தியை வைத்து அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று காட்டும் ஹைட்ரோமீட்டர், நொதிக்கவைக்க 30 லிட்டர் வாளி. கூலர் பெட்டிக்குள் விரிக்க ஒரு பெரிய வலைத்துணிப்பையும் இருந்தால், வடிகட்டும் நேரத்தில் உங்களையே வாழ்த்திக்கொள்வீர்கள்.

மேஷ்: இரண்டு வெப்பநிலை

சோளமாக இருந்தால் தனியாக வேகவைத்துத்தான் சேர்க்க வேண்டும். பார்லியின் மாவுச்சத்து 60 முதல் 65 டிகிரிக்குள் பெரும்பாலும் குழைந்துவிடும். மால்ட்டின் நொதிகள் நன்றாக வேலை செய்வதும் அதே வெப்பத்தில்தான். எனவே எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போடலாம். ஆனால் நேரடியாக 64 டிகிரிக்குப் போகாமல் நடுவில் ஒரு நிறுத்தம் வைக்கிறோம்.

காரணம் பீட்டா குளுக்கான் என்ற பசை. முளைகட்டும்போது பார்லி அதைத் தானே கரைத்துக்கொள்ளும். முளைகட்டாத பார்லியிலும் ஓட்ஸிலும் அது அப்படியே இருக்கும். அதை உடைக்கும் நொதி 40 முதல் 45 டிகிரி வரை நன்றாக உழைக்கும், சூடு ஏறினால் சீக்கிரம் செத்துவிடும். இந்த நிறுத்தத்தைத் தாவினால் மேஷ் களி மாதிரி இறுகி, குழாயைத் திறந்தாலும் அசையாது.

12 லிட்டர் தண்ணீரை 48 டிகிரிக்குச் சூடாக்கி கூலர் பெட்டியில் ஊற்றுங்கள். தானியத்தையும் உமியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். கட்டி இருக்கவே கூடாது. கட்டிக்குள் மாவு நனையாமல் மாட்டிக்கொண்டால் அது வீண். அறை வெப்பத்தில் இருக்கும் தானியம் சேர்ந்ததும் மேஷ் 43 டிகிரிக்கு வந்து நிற்கும். மூடியை மூடி 25 நிமிடம் விடுங்கள்.

அடுத்து, கொதிக்கும் தண்ணீர் எட்டரை லிட்டர். ஒரேயடியாகக் கவிழ்க்காமல், ஒருவர் ஊற்ற இன்னொருவர் கிளறினால் நல்லது. இலக்கு 64 டிகிரி. பெட்டி எவ்வளவு சூட்டை இழுக்கிறது என்பதைப் பொறுத்து அரை லிட்டர் கூடக்குறைய ஆகலாம். ஒரு கெட்டில் கொதிநீரைக் கூடுதலாகத் தயார் வைத்திருங்கள். 62-இல் நின்றாலும் 66-இல் நின்றாலும் கவலைப்படாதீர்கள். 70-ஐத் தாண்டினால்தான் சிக்கல். நொதிக்கக்கூடிய சர்க்கரையைக் கொடுக்கும் பீட்டா அமைலேஸ் அங்கே வேகமாகச் சாகும். பியரில் அதைச் சுவைக்காகச் செய்பவர்கள் உண்டு. நமக்கோ மிஞ்சுகிற ஒவ்வொரு துளி இனிப்பும் ஆல்கஹாலாக மாறாமல் போனதுதான்.

இனி ஒன்றரை மணி நேரம் காத்திருக்கலாம். அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். கெட்டியாக இருந்த மேஷ் நீர்த்துப் பளபளக்கும், நக்கிப் பார்த்தால் தித்திக்கும். முடிந்ததா என்று தெரிய ஒரு சொட்டுத் தெளிநீரை வெள்ளைத் தட்டில் விட்டு மேலே அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் பாக்கி. அயோடினின் பழுப்பு நிறமே நின்றால் வேலை முடிந்தது. தோல் துணுக்கு விழுந்தால் எப்போதும் கறுக்கும், அதை நம்ப வேண்டாம். சோதித்த சொட்டைத் திரும்ப மேஷில் ஊற்றவும் வேண்டாம்.

வடிகட்டுதல்

இங்கேதான் பொறுமை போகும். குழாயைக் கால்வாசி மட்டும் திறங்கள். முதலில் கலங்கலாக வரும் இரண்டு மூன்று லிட்டரை மெதுவாக மேலேயே திரும்ப ஊற்றுங்கள். தோல் படுக்கை உருவானதும் வோர்ட் எனப்படும் இனிப்பு நீர் தெளிய ஆரம்பிக்கும். கண்ணாடி போலத் தெளிய வேண்டும் என்பதில்லை. தெளிந்த வோர்ட் பழ வாசனைக்கும், கொஞ்சம் கலங்கியது தானிய, கொட்டைப் பருப்பு வாசனைக்கும் போகும் என்பது ஆலைக்காரர்களின் அனுபவம். பாட் ஸ்டில் பாணிக்கு லேசான கலங்கல் எனக்குப் பிடிக்கும்.

ஓட்டம் நின்றுவிட்டால் குழாயை அகலத் திறக்கத் தோன்றும். திறந்தால் படுக்கை இன்னும் அழுந்தி மொத்தமாக அடைத்துக்கொள்ளும். குழாயை மூடி, ஒரு கை உமியும் கொஞ்சம் வெந்நீரும் சேர்த்துக் கிளறி, பத்து நிமிடம் படியவிட்டு மறுபடி தொடங்குங்கள். வலைப்பை இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, தூக்கித் தொங்கவிட்டுப் பிழிந்துவிடலாம்.

முதலில் சுமார் 14 லிட்டர் வரும். பிறகு 75 டிகிரிச் சூட்டில் எட்டு ஒன்பது லிட்டர் தண்ணீரைத் தானியத்தின் மேல் ஊற்றி, ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழுவி எடுங்கள். ஆலைகளில் மூன்றாவது, நான்காவது தண்ணீரும் விடுவார்கள். அந்த மெலிந்த நீர் நொதிக்கப் போகாமல் அடுத்த மேஷுக்கு முதல் தண்ணீராகப் போகும். மறுநாளே இன்னொரு மேஷ் போடப் போகிறீர்கள் என்றால் தவிர வீட்டில் அதற்கு அர்த்தமில்லை, வைத்தால் புளித்துவிடும். சக்கையும் அப்படித்தான். கோழி வளர்க்கும் யாராவது இருந்தால் அன்றே கொடுத்துவிடுங்கள், இரண்டாம் நாள் தெருவே நாறும்.

பியர் காய்ச்சிப் பழகியவர்கள் இப்போது அடுப்பைப் பற்றவைக்கப் போவார்கள். வேண்டாம். விஸ்கிக்கு வோர்ட்டைக் கொதிக்கவிடுவதில்லை, பியருக்குக் கசப்பு கொடுக்கும் ஹாப்ஸ் பூவும் இல்லை. கொதிக்காததால் உயிரோடு இருக்கும் நொதிகள் வாளிக்குள்ளும் மிச்ச மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும். தானியத்தோடு வந்த லாக்டிக் பாக்டீரியாவும் பிழைத்திருக்கும், கடைசி நாட்களில் அது கொடுக்கும் லேசான புளிப்பு வாசனைக்கு நல்லது. ஆனால் ஈஸ்ட்டுக்கு முன்னால் அது பந்தியில் உட்காரக் கூடாது. ஆகவே செப்புச் சுருள் குழாயை உள்ளே விட்டுத் தண்ணீர் ஓடவிட்டோ, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்தோ, விரைவாக 28 டிகிரிக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

ஊறல் போடுதல்

ஆறியதும் ஒரு குவளை எடுத்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுங்கள். 1.050-ஐ ஒட்டி இருக்க வேண்டும் (வெறும் தண்ணீருக்கு 1.000). சூடாக இருக்கும்போது பார்த்தால் குறைத்துக் காட்டும். 1.040-தான் வருகிறது என்றாலும் சீனியைக் கொட்டி ஏற்றாதீர்கள். சாராயம் கூடும், நாம் தேடும் பார்லியின் கனம் குறையும். அடுத்த தடவை தானியத்தை இன்னும் நன்றாக உடையுங்கள், அல்லது கழுவும் தண்ணீரை இன்னும் மெதுவாக விடுங்கள்.

வாளியில் ஊற்றும்போது உயரத்திலிருந்து நுரைபொங்க ஊற்றுங்கள், ஈஸ்ட்டுக்கு முதலில் ஆக்சிஜன் வேண்டும். விஸ்கி ஈஸ்ட் என்று விற்பார்கள், ஏல் பியர் ஈஸ்ட்டும் போதும், ரொட்டி ஈஸ்ட்கூட வேலை செய்யும். மேலே தூவி, உள்ளே கிளம்பும் வாயுவை வெளியேவிட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் காற்றுப்பூட்டு பொருத்திய மூடியால் மூடுங்கள். இறுக்கி அடைக்கக் கூடாது. 22 லிட்டருக்கு 30 லிட்டர் வாளி கேட்டதன் காரணம் மறுநாள் காலையில் தெரியும். கொதிக்கவைக்காத தானிய ஊறல் அப்படிப் பொங்கும். கிளம்பும் கரியமில வாயு தரையோடு தேங்கும். சின்ன மூடிய அறையில் வைக்காதீர்கள், வாளிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கவும் வேண்டாம்.

ஊறல் தானே சூடேறும். 32 டிகிரியைத் தாண்டாமல் ஈரத்துணி சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நாளில் குமிழ் அடங்கும். இரண்டு நாள் தொடர்ந்து ஹைட்ரோமீட்டர் ஒரே அளவு, அதுவும் 1.000 பக்கம் காட்டினால் முடிந்தது. ஆரம்ப அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், 1.050-இல் தொடங்கி 1.001-இல் முடிந்தால் கிட்டத்தட்ட 6.4. வாசனை ரொட்டி மாவும் பச்சை ஆப்பிளும் தயிரும் கலந்தது போல இருக்கும், நாக்கில் இனிப்பே இருக்காது. வினிகர் நெடி அடித்தாலோ மேலே வண்ணப் பூஞ்சை படர்ந்தாலோ கொட்டிவிடுங்கள்.

மூன்று முறை வடித்தாலும் இதை அயர்லாந்து விஸ்கி என்று சொல்ல முடியாது. அந்தப் பெயருக்கு அயர்லாந்துத் தீவிலேயே வடித்து, அங்கேயே மரப்பீப்பாயில் மூன்று வருடமாவது கிடந்திருக்க வேண்டும். பாணி என்று சொல்லிக்கொள்ளலாம்.

நொதித்து முடிந்ததும் வாளியைக் குளிர்ந்த இடத்தில் ஒன்றிரண்டு நாள் ஆட்டாமல் வையுங்கள். ஈஸ்ட் அடியில் படிந்ததும் மேல் ஊறலைக் குழாய் வைத்து இழுத்துக்கொண்டு, வண்டலை விட்டுவிடுங்கள். அது வடிகலத்துக்குள் போனால் அடிப்பிடிக்கும், அந்தக் கருகல் வாடை எத்தனை முறை வடித்தாலும் போகாது.