பியர்ஸ் பாணி டேக்கிள்: லெஃப்ட் பேக் ஆடுபவர்களுக்கு

இங்கிலாந்து கால்பந்து வீரர் ஸ்டூவர்ட் பியர்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1990-இல் டூரினில் தவறவிட்ட பெனால்டியும் 1996-இல் வெம்ப்ளியில் ஸ்பெயினுக்கு எதிராக அடித்த பெனால்டியும்தான். தற்காப்பு வரிசையின் இடது ஓரத்தில், அதாவது லெஃப்ட் பேக்காக ஆடுகிறவர், அவரிடம் கற்க வேண்டியது எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் டேக்கிளை. எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தபடி வீல்ட்ஸ்டோன் என்ற சிறிய கிளப்பில் ஆடியவர், 1983-இல் கோவென்ட்ரிக்கும் 1985-இல் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் போனார். இங்கிலாந்துக்காக 78 ஆட்டங்கள். 'சைக்கோ' என்பது பட்டப்பெயர். வெறும் முரட்டுத்தனத்தை வைத்து அத்தனை ஆட்டம் ஆட முடியாது. தரையில் சறுக்கிப் பந்தைத் தட்டுவது கடைசி ஒரு நொடி. அதற்கு முன்னால் நிற்பதில்தான் வேலையே இருக்கிறது.

எதிரணியின் ஓரத் தாக்குதல் ஆட்டக்காரர் (விங்கர்) பந்தோடு வரும்போது ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். அதைவிட நெருங்கினால் ஒரே தட்டில் உங்களைத் தாண்டிவிடுவார்; அதைவிடத் தள்ளி நின்றால் நிமிர்ந்து பார்த்து கோல் முன்னே பந்தை அனுப்பி கிராஸ் போடுவார். வலது கால் முன்னே, இடது கால் பின்னே, முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில். கோல் பக்கமாகச் சற்று உள்ளே நின்றால் அவருக்கு மைதானத்தின் பக்கக் கோட்டோரம் மட்டுமே திறந்திருக்கும். கோடு உங்கள் பக்கத்து ஆள் மாதிரி. அதைத் தாண்டி அவர் போக முடியாது. கண் பந்தின் மேல் இருக்கட்டும். தோள், இடுப்பு, கால் வித்தை எல்லாம் உங்களை ஏமாற்றத்தான்.

பந்து அவர் காலடியில் ஒட்டியிருக்கும்வரை பாயாதீர்கள். அவர் தட்டிய பந்து காலைவிட்டு அரை மீட்டராவது விலகும் கணம் ஒன்று வரும். அதுதான் நேரம். எதிரே நின்றிருந்தால் சறுக்க வேண்டியதே இல்லை: இடது காலின் உட்புறத்தைக் கணுக்கால் இறுக்கி, பந்தின் நடுவில் வைத்து அழுத்துங்கள். கணுக்கால் தளர்ந்தால் பந்து அவர் பக்கமே துள்ளும்; சுளுக்கும் உங்களுக்குத்தான்.

அவர் தாண்டி ஓடுகிறார், நீங்கள் பக்கத்தில் ஓடுகிறீர்கள் என்றால்தான் சறுக்கல். இப்போது சொந்த கோலைப் பார்த்து ஓடுவதால் கோடும் விங்கரும் உங்கள் வலப்பக்கம். வலது காலை மடக்கி, வெளித்தொடையும் பிட்டமும் தரையைத் தொடும்படி இறங்குங்கள். இடது கால் அவருக்கு முன்னால் வளைந்து வந்து பந்தைக் கோட்டுக்கு வெளியே, த்ரோ-இன்னுக்குத் தள்ளட்டும். குதிகால் தரையோடு ஒட்டியிருக்க வேண்டும். பூட்ஸின் அடியிலுள்ள முளைகள் (ஸ்டட்) மேலே தூக்கியிருந்தால் பந்தைத் தொட்டாலும் ஃபவுல்தான், சிவப்பு அட்டையும் வரலாம். கையை ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். முழங்காலில் இறங்கினால் வேகம் முழுவதும் மூட்டில் விழும்.

ஈரப்புல்லில் உடல் நெடுந்தூரம் வழுக்கும். சற்றுத் தள்ளியே தொடங்குங்கள். காய்ந்த தரையில் பாதி வழியில் நின்றுபோய், கால் பந்துக்குப் பதில் ஆளைத் தட்டும். பெரும்பாலான அசட்டு ஃபவுல்கள் இப்படி வருபவைதான்.

பழக ஈரப்புல்லே நல்லது. முதலில் நடந்துவந்து நிற்கும் பந்தில் பத்து முறை; பிறகு மெதுவாக உருளும் பந்தில்; பிறகுதான் ஆள். கோட்டோரம் 15 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் அடையாளம் வைத்து ஒருவருக்கு ஒருவர் எட்டு முறை மோதுங்கள். அதில் ஆறு முறையாவது சறுக்காமலே பந்தை எடுக்கப் பாருங்கள்.

பியர்ஸ் காலத்து வழக்கம் ஒன்று மட்டும் இன்று உதவாது. ஆட்டம் தொடங்கியதும் விங்கரை ஒருமுறை பலமாக மோதி 'நான் இருக்கிறேன்' என்று காட்டுவார்கள். நடுவரும் பெரும்பாலும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார். எதிராளிக்கு ஆபத்தான பின்பக்க டேக்கிளுக்கு வெளியேற்றம் என்று 1998 உலகக் கோப்பையிலேயே இறுக்கிவிட்டார்கள். பத்தாவது நிமிடத்தில் மஞ்சள் அட்டை வாங்கினால் மீதி 80 நிமிடமும் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் பின்பற்றாதீர்கள். 1999-இல் வெஸ்ட் ஹாமுக்கு ஆடும்போது கால் எலும்பு முறிந்த பிறகும் பியர்ஸ் ஆட்டத்தைத் தொடரப் பார்த்தார். உங்களுக்குக் காலை ஊன்றும்போது எலும்பின் ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால், அங்கேயே உட்கார்ந்து கையை உயர்த்துங்கள்.